மாமியின் பிரிட்ஜுக்கும் ஏகாதசி

கதைகளில் மந்திரவாதியின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கூண்டுக் கிளிக்குள் இருக்கும். என் உயிர் அவ்வளவு தூரம் போகவில்லை. மாடி வீட்டு மாமியின் பிரிட்ஜில், கதவின் கீழ்த்தட்டில், ஒரு சின்ன எவர்சில்வர் சம்படத்துக்குள் இருந்தது. காலையில் அம்மா மாடியேறிப் போய் அதை வாங்கி வருவாள். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, எனக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டு, மறுபடி மாடியேறிக் கொடுத்துவிட்டு வருவாள். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை அது. எனக்கு அப்போது பதினொரு வயது.

நாங்கள் தியாகராய நகரில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு ஜவுளிக் கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை பார்த்தார். வீடு மாமியினுடையது. மாமாவும் மாமியும் மாடியில் இருந்தார்கள். அந்தச் சந்து முழுவதற்கும் இருந்த ஒரே பிரிட்ஜ் அவர்கள் வீட்டுக் கூடத்தில், பின்னல் வேலை செய்த உறை போட்டு, தலையில் பிளாஸ்டிக் ரோஜாப்பூவோடு நின்றது. மாமா வேலை பார்த்த கம்பெனியின் வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போனது. கார் கதவுக்கு இருப்பதைப் போல ஒரு கைப்பிடி அதற்கு. பூட்டும் உண்டு. சாவி மாமியின் இடுப்பில் இருக்கும்.

சர்க்கரை வியாதி என்றால் வயசானவர்களுக்கு வருவது என்றுதான் அன்றைக்கு எல்லோருக்கும் எண்ணம். பதினொரு வயதுப் பெண்ணுக்கு என்று கேள்விப்பட்டதும் முதலில் என் வாயைத்தான் பார்ப்பார்கள். "ரொம்ப மிட்டாய் தின்னியோ?" என்பார்கள். நான் தின்ற மிட்டாயை எல்லாம் கூட்டினாலும் அவர்கள் வீட்டுப் பையன் ஒரு தீபாவளிக்குத் தின்றதற்குக் காணாது. இதைச் சொன்னால் வாய்த்துடுக்கு என்பார்கள். சொல்லத்தான் செய்தேன்.

மாமி மட்டும் அப்படிக் கேட்டதில்லை. மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "அதுக்கென்ன, தனிச் சம்படத்துல போட்டுக் குடு, கீழ்த்தட்டு காலியாத்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகுதான் பயம் தொடங்கியது. மாமி மடி ஆசாரம் பார்க்கிறவர். தயிருக்கும் தோசை மாவுக்கும் ஒரே தட்டில் இடம் கொடுக்காதவர். என் மருந்தோ மாட்டின் கணையத்திலிருந்து எடுப்பது. சில சமயம் பன்றியிடமிருந்தும் எடுப்பார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, "மாமி என்ன கேட்டாலும் மருந்துன்னு மட்டும் சொல்லு. வேற வாயத் தொறக்காத" என்றார். மருந்துக் கடையில் புட்டியை வாங்கியதும் அட்டைப் பெட்டியையும் உள்ளே இருக்கும் துண்டுக் காகிதத்தையும் அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, வெறும் புட்டியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். புட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டையும் ஈரத்துணியால் தேய்த்து எடுத்துவிடுவார். மாமி இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்.

மாமியின் பிரிட்ஜுக்கும் ஏகாதசி உண்டு. அன்றைக்கு மாமி உபவாசம். மாமாவுக்கும் பலகாரம்தான். சமையல் கிடையாது, மீதம் வைக்க ஒன்றும் இருக்காது. அதனால் ஐஸ் உருக்கிப் பிரிட்ஜைக் கழுவுவதற்கு அந்த நாளைத்தான் மாமி வைத்திருந்தார். இரண்டு வாரத்தில் மேலே இருக்கும் ஐஸ் பெட்டியைச் சுற்றி வெள்ளையாக ஒரு சுவர் கட்டியிருக்கும். காலையிலேயே சுவிட்சை அணைத்து, கதவைத் திறந்து வைத்து, ஐஸ் பெட்டிக்குள் ஒரு அடுக்குப் பாத்திரத்தில் வெந்நீர் வைப்பார். கத்தி வைத்துக் குத்தக் கூடாது, குத்தினால் உள்ளே இருக்கும் குழாயில் ஓட்டை விழுந்து கேஸ் போய்விடும் என்பார். ஐஸ் பாளம் பாளமாகத் தானே கழன்று விழும். கீழே பேசினைப் பிடிப்பது என் வேலை. பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் உள்ளே முழுவதும் துடைத்து, கதவு ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவுவார். பால் மட்டும் எப்போதும் ஐஸ் பெட்டிப் பக்கமே போகாது. "உறைஞ்ச பாலை உருக்கினா திரிஞ்சு போயிடும், காப்பிக்கு ஆகாது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார், நான் என்னவோ பாலை வைக்கக் கிளம்பிவிட்டதைப் போல.

அந்த நாட்களில் என் சம்படம் கீழே வந்துவிடும். ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்திருந்து, சாயங்காலம் பிரிட்ஜ் குளிர்ந்ததும் திரும்பக் கொடுப்போம். அக்கினி நட்சத்திரத்தில் வந்த ஏகாதசியன்று மட்டும், ஊசி போட்ட பிறகு சம்படத்தைக் கீழே வைத்துக்கொள்ள மாமி விடவில்லை. "இந்த வெயில்ல பானை என்னத்துக்கு ஆகும்? புது மருந்து வேற. இங்கேயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார். அப்பா முந்தின நாள்தான் அந்தப் புட்டியை வாங்கி வந்திருந்தார். அம்மா கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

அடுத்த சில நாட்களில் நீலம் போய்விட்டது.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது போல விரலில் குத்தி எண் பார்க்கிற கருவியெல்லாம் அன்றைக்கு வீட்டில் கிடையாது. கண்ணாடிக் குழாயில் நீல நிற மருந்தை ஊற்றி, என் மூத்திரத்தில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பாள் அம்மா. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று போய்க் கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்தால் மோசம். காலையில் எங்கள் வீட்டில் யாரும் பேப்பர் படித்ததில்லை. அந்தக் குழாயைத்தான் படித்தோம்.

பச்சை வந்தது. அம்மா குழாயைக் கழுவி வைத்தாள். மஞ்சள் வந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ஆரஞ்சு வந்த அன்று விளக்கை ஊதி அணைத்துவிட்டு, குழாயைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"உள்ளதச் சொல்லுட்டி. என்னத்தத் தின்ன?"

"ஒண்ணும் திங்கலம்மா."

"அப்ப இது ஏன் செவக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் தாகம்தான். பானைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிறு குலுங்கும், நாக்கு மட்டும் காய்ந்தே கிடக்கும். பாவாடை இடுப்பில் நிற்காமல் இறங்கியது. டாக்டரிடம் போனோம். அவர் ஊசியின் அளவைக் கூட்டச் சொன்னார். கூடவே, "பிள்ளையைக் கவனிச்சுக்கோங்கம்மா, இந்த வயசுல ஒளிச்சு வெச்சுத் திங்கும்" என்றும் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையோடு என் கதை முடிந்தது. அன்றைக்குச் சாயங்காலமே வெல்லமும் சீனியும் டிரங்குப் பெட்டிக்குள் போயின. சாவி அம்மாவின் முந்தானையில் ஏறியது. என் பள்ளிக்கூடப் பை, தலையணை உறை, பாவாடைப் பாக்கெட் எல்லாம் சோதனைக்கு வந்தன.

செங்கல் நிறம் வந்த அன்று அம்மா என்னை அடித்தாள். கன்னத்தில்தான். அதற்கு முன்னால் அடித்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன், அம்மாக்கள் அடிக்காத காலம் இல்லை அது. ஆனால் அடித்துவிட்டு அவளே அழுதாள். "எங்களச் சாவடிக்கவா நீ திங்க? ஒனக்கு உசிரு வேண்டாமா?" என்றாள். நான் பிள்ளையார் மேல், முருகன் மேல், அம்மா மேல், எல்லோர் மேலும் சத்தியம் செய்தேன். நான் சத்தியம் செய்யச் செய்ய அவள் முகத்தில் நம்பிக்கை குறைந்துகொண்டே போனது.

அப்பா அடிக்கவில்லை. கடையிலிருந்து வந்ததும் என்னை மடியில் உட்கார வைத்து, தலையைத் தடவி, வாடிக்கையாளரிடம் பேசுகிற அந்த மெல்லிய குரலில், "பரவால்ல, அப்பாட்ட மட்டும் சொல்லு. நான் கோவப்பட மாட்டேன்" என்றார். அம்மாவின் அடியை மறந்துவிட்டேன். அப்பா அப்படிக் கேட்டதை இன்று வரை மறக்க முடியவில்லை. என்னைத் திருடி என்று முடிவு செய்துவிட்டுத்தானே மன்னிக்கிறார்? அந்த ஆத்திரத்தில் ஒரு நாள், அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு வாசலுக்குப் போன நேரம், ஒரு அச்சு வெல்லத்தைக் கையில் எடுத்தேன். தின்னாமலே திருடி என்கிறார்கள், தின்றுவிட்டே திருடியாக இருக்கலாமே என்று தோன்றியது. வாசனை மூக்கில் ஏறியது. பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். திங்கவில்லை என்ற உண்மை ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது, அதையும் விட மனசில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் அம்மா சிரிஞ்சைக் கொதிக்க வைத்திருந்தபோது நான் புட்டியை எடுத்து ஜன்னல் பக்கம் காட்டினேன். என் மருந்து தண்ணீர் போல இருக்காது, கலங்கலாகப் பால் போல இருக்கும். உள்ளங்கையில் உருட்டினால் ஒரே சீராகக் கலந்துவிடும். இது கலக்கவில்லை. கண்ணாடியின் உட்பக்கம் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது.

"அம்மா, மருந்து திரிஞ்ச மாதிரி இருக்கும்மா."

"நீ தின்னுட்டு மருந்துல குத்தம் சொல்லுதியோ?" என்று புட்டியைப் பிடுங்கினாள். எங்கள் சமையலறையில் பகலிலும் இருட்டுதான். நாலு தடவை வேகமாக உருட்டிவிட்டு, மருந்தை இழுத்து, குத்திவிட்டாள்.

அடுத்த ஏகாதசி வந்தது. காலையிலிருந்தே எனக்கு வயிற்றைப் புரட்டியது. மூச்சு தானாகவே நீளமாக, ஓடி வந்தவள் போல வாங்கியது. வெயிலில் காய்ந்த பிள்ளை என்றுதான் அம்மா நினைத்தாள். என்னைக் கீழே தனியாக விட்டுப் போக அவளுக்குப் பயம். நான் மயங்கி விழுவேன் என்ற பயம் இல்லை, எதையாவது எடுத்துத் தின்றுவிடுவேன் என்ற பயம். அதனால் மருந்தை வாங்கப் போகும்போது என்னையும் கைப்பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

பிரிட்ஜ் கதவு விரியத் திறந்து கிடந்தது. ஐஸ் பெட்டியில் வெந்நீர் அடுக்கு ஆவி விட்டது. பேசினில் ஒரு பாளம் தொம்மென்று விழுந்தது. மாமி சோடாத் தண்ணீரில் துணியை நனைத்துக்கொண்டே அம்மாவிடம் சம்படத்தை நீட்டினார்.

"ஊசி போட்டதும் இங்கேயே கொண்டு வந்து குடுத்துடு. கீழே வெச்சுக்காதே, கொளுத்தறது. போன ஏகாதசிக்கும் நான்தானே பாத்துண்டேன்? துடைச்சு முடிச்சு சுவிட்சு போட்டதும் உன் பொண் மருந்தைத்தான் முதல்ல ஐஸ் பொட்டிக்குள்ளே வெச்சேன். அத்தனை நாழி வெளில இருந்துதே, சட்டுனு குளிரட்டும்னு. அப்புறம் மறந்தே போயிட்டேன் போ. மறுநாள் கார்த்தால பாத்தா கல்லா இருந்தது. நீ வந்துடுவியேன்னு என் கையிலேயே வெச்சு உருட்டி உருக்கிட்டேன். கை விறைச்சே போச்சு."

உதவி செய்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அம்மா சிரிக்கவில்லை. "கல்லான்னா... உறைஞ்சு போச்சா மாமி?"

"ஆமா. ஆனா உருகினதும் பழையபடி ஆயிடுத்தே."

அம்மா சம்படத்தைத் திறந்து புட்டியை எடுத்தாள். பால்கனிக்குப் போய், வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். உருட்டினாள். மறுபடி தூக்கிப் பிடித்தாள். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. புட்டியைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள்.

"உறைஞ்ச பால உருக்கினா திரிஞ்சு போகும்னு நீங்கதான மாமி சொல்லுவீங்க?"

மாமியின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. 'நான்தான் சொன்னேனே, திரிஞ்சிருக்குன்னு நான்தான் சொன்னேனே' என்று கத்த வேண்டும் போல எனக்கு இருந்தது. வாயைத் திறந்தேன், வாந்திதான் வந்தது. துடைத்து வைத்த தரையெல்லாம் வாந்தி. அதற்குப் பிறகு என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியது நினைவிருக்கிறது. மாமி மடிப் புடவையோடு, செருப்பில்லாமல், தெருமுனை வரை ஓடிப் போய் ஒரு ஆட்டோவை நிறுத்தியதும் நினைவிருக்கிறது. அந்தச் சந்தில் மாமி ஓடி யாரும் பார்த்ததில்லை. "இன்னாம்மா ஆச்சு பாப்பாக்கு? குந்து, குந்து. அயுவாதம்மா, தோ போயிக்கினே கீறோம்" என்று ஆட்டோக்காரர் சொல்லிக்கொண்டே ஓட்டினார். என் வாயில் அழுகிய பழத்தின் வாசனை அடிப்பதாக அம்மா மாமியிடம் சொன்னாள். மாமியும் எங்களோடு ஏறியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. செத்துப் போகப் போகிறோம் என்று நினைத்தேன். திருடி என்ற பேரோடு செத்துப் போகிறோமே என்றுதான் அதிகம் அழுகை வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் கையில் சலைன் ஏற்றினார்கள், ஊசி மேல் ஊசி போட்டார்கள். எனக்கு அந்தப் பகல் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. மறுநாள் காலையில் கண் விழித்தபோது கட்டிலுக்கு ஒரு பக்கம் அம்மா இருந்தாள், மறுபக்கம் ஒரு ஸ்டூலில் மாமி. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தால் தலைக்குக் குளிக்காமல் வாசல் தாண்டாதவர் அங்கேயே, நேற்றைய புடவையிலேயே, உட்கார்ந்திருந்தார். அன்று துவாதசி. பொழுது விடிந்ததும் பாரணை செய்து உபவாசத்தை முடித்தாக வேண்டும். "நேத்துலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. நீ கண்ணு முழிச்சாத்தான் குடிப்பேன்னுட்டாங்க" என்று அம்மா என் காதில் சொன்னாள்.

அப்பா புது மருந்துப் பெட்டியோடு வந்தார். இந்தத் தடவை அட்டையைக் கிழித்திருக்கவில்லை. நர்ஸ் பிரித்து, புட்டியை எடுத்துக்கொண்டு, காகிதத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனார். மாமி அதை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"உறைய விடப்படாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே. இந்தக் காகிதம் ஒரு நாளும் எங்காத்துக்கு வரலையே?"

அப்பா காலி அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்தார். "கிழிச்சுருவேன் மாமி. இது... மாட்டுலருந்து எடுக்கது. ஒங்களுக்குத் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா வெளில தூக்கிப் போட்டுடுவேன்னு நினைச்சேளா?" மாமி குரலை உயர்த்தவில்லை. "எங்க அக்கா போட்டுண்ட மருந்துன்னா இது. கும்மோணத்துல பானைல வெச்சுண்டிருந்தா. எதுலேர்ந்து எடுக்கறான்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுண்டுதானே வெச்சுக்கச் சொன்னேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. நம்பாமல் போனது என்னை மட்டுமல்ல என்று. மாமி என் தலைமாட்டில் இருந்த டம்ளரிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதார். "குழந்தையைக் கொன்னிருப்பேனே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா அவரை வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அவர்கள் போன பிறகு நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டர் நாலைந்து பேரோடு வார்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். என் கட்டில் கம்பியில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"என்னம்மா, கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்களா? என்னத்தச் சாப்பிட்டா?"

"ஒண்ணும் சாப்பிடல டாக்டர்."

அவர் சிரித்தார். "எல்லா அம்மாவும் இதத்தாம்மா சொல்றாங்க. பிள்ளைங்க திருடித் திங்கறது உங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

டாக்டர் என்றால் நின்ற இடத்திலேயே கூனிக் குறுகிப் போகிறவள் என் அம்மா. ஸ்டூல் பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்து நின்றிருக்கிறாள்.

"எம் பிள்ள எடுக்கல டாக்டர்." வார்டு முழுக்கக் கேட்கிற குரல். "எடுக்கலன்னு மொத நாளே சொன்னா. சாமி மேல சத்தியம் பண்ணிச் சொன்னா. மருந்து கெட்டுப் போச்சுன்னும் அவதான் சொன்னா. நாந்தான் நம்பல. நாந்தான் போட்டு அடிச்சேன்."

டாக்டர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அம்மாவின் கை என் கன்னத்தில், அடித்த அதே கன்னத்தில், வந்து உட்கார்ந்தது. ஸ்பிரிட் வாசனை அடித்த கை. நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை சொல்வாளா என்று காத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன்.